குனியோ ஓடவில்லையா, குதிக்கவில்லையா? கேம் பாய் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

1992இல் டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம், நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாய்க்கு ஒரு கேசட் விட்டது. பெயர் டவுன்டவுன் நெக்கெட்சு கோஷின்க்யோகு, நாயகன் குனியோ. பள்ளிகளுக்கு இடையே விளையாட்டு விழா என்றுதான் கதை ஆரம்பிக்கும். ஓட்டப் பந்தயத்தில் இறங்கினால் பக்கத்தில் ஓடுகிறவனைக் குத்தித் தள்ளிவிட்டு முந்தலாம். ஏன் என்று கேட்க நடுவர் கிடையாது. அதே நிறுவனத்தின் நின்டெண்டோ வேர்ல்டு கப் கால்பந்தும் இதே ரகம்தான். எதிராளியை இடித்துச் சாய்த்தாலும் ஃபவுல் கிடையாது.

இந்த இரண்டு கேசட்டும், அவை ஓடும் சாம்பல் நிற முதல் கேம் பாயும் என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. வரும்போதே 'செத்துப்போச்சு' என்ற தீர்ப்போடுதான் வரும். ஆனால் சிப் செத்திருப்பது அபூர்வம். கேசட்டின் உலோகக் கால்களில் அழுக்கு, சுவிட்சில் களிம்பு, பட்டனுக்கு அடியில் தேய்ந்த ரப்பர், இந்த மூன்றுக்குள் பெரும்பாலான கேஸ் முடிந்துவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். அது தீர்க்காவிட்டால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: பின்பக்க உறைக்கு மூன்று பிளவு ஸ்க்ரூடிரைவர், கேசட்டைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் (அதன் விசேஷத் திருகுக்கான முனை), உள்ளே இருக்கும் திருகுகளுக்குச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காது குடையும் பஞ்சுக் குச்சி, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவம், ஒரு மல்டிமீட்டர். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் வேண்டாம். சிலவற்றில் வேறு சரக்கு கலந்திருப்பதால் காய்ந்த பிறகு படிவு விட்டுப்போகும்.

இவை எல்லாவற்றையும்விட உதவுவது நன்றாக ஓடும் இன்னொரு கேசட். எந்த மொழி, எந்த நாட்டுக் கேசட் என்றாலும் சரி. கேம் பாயில் நாட்டுப் பூட்டு கிடையாது. மாற்றிப் போட்டுப் பார்த்தாலே கோளாறு கேசட்டிலா கருவியிலா என்று பாதி தெரிந்துவிடும்.

சுவிட்சைத் தள்ளினால் சிவப்பு விளக்கே எரியவில்லை

பேட்டரி: நான்கு ஏஏ, எல்லாம் ஒரே வகையாக, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். பெட்டிக் கடையில் கிடைக்கும் மலிவு பேட்டரியை மீட்டரில் வைத்தால் 1.5 வோல்ட் காட்டும், கருவியில் போட்டதும் படுத்துவிடும். ஆல்கலைன் போட்டுப் பாருங்கள். ரீசார்ஜபிளும் ஓடும். நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட்தான் என்பதால் விளக்கு மட்டும் சீக்கிரமே மங்கலாகும்.

தகடு: பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கையும் எதிர்ப்பக்கத் தகடையும் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் கசிவுக்கு வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சி போதும், நுரைத்துக்கொண்டே கழன்று வரும். பிறகு ஐபிஏ போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். கடலோர ஊர்களில் கசிவே இல்லாமலும் தகடு மங்கிவிடும், அதைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும். துரு தகட்டையே தின்றிருந்தால் புதுத் தகடு தனியாகக் கிடைக்கிறது.

சுவிட்ச்: பேட்டரியை எடுத்துவிட்டு மேலே இருக்கும் சுவிட்சை நிதானமாக ஒரு முப்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். சிரிப்பு வரும்தான். ஆனால் உள்ளே படிந்த களிம்பு இதிலேயே உரிந்து, வருஷக்கணக்கில் கிடந்த கருவி எழுந்துகொள்வது உண்டு. தொட்டால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் குற்றவாளி கிட்டத்தட்ட நிச்சயமாகச் சுவிட்ச்தான். உறையைத் திறந்து அதற்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு மறுபடி தள்ளுங்கள்.

அடாப்டர்: இதில் மட்டும் விளையாடாதீர்கள். முதல் கேம் பாயின் அடாப்டர் குழி 6 வோல்ட், நடு முள் எதிர்மறை. நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டரில் பெரும்பாலானவற்றுக்கு நடு முள் நேர்மறை. முனை பொருந்துகிறதே என்று செருகினால், பேட்டரிக் கோளாறாக இருந்தது போர்டு கோளாறாக மாறும்.

இவ்வளவும் சரி, இன்னும் விளக்கு இல்லை என்றால் உள்ளே தனியாக நிற்கும் சின்ன பவர் போர்டைச் சந்தேகப்படலாம். கருவிக்கு வேண்டிய 5 வோல்ட்டும் திரைக்கு வேண்டிய எதிர்மறை வோல்டேஜும் அங்கிருந்துதான் வருகின்றன. மீட்டரில் 5 வோல்ட் வரவில்லையென்றால் போர்டையே மாற்ற வேண்டும். புதிதாகச் செய்த மாற்றுப் போர்டு விற்கிறார்கள். சால்டரிங் பழகாதவர்கள் இந்த இடத்தில் கடைக்குப் போங்கள்.

விளக்கு எரிகிறது, திரை காலி

முதலில் இடப்பக்க ஓரத்தில் இருக்கும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கச் சுற்றுங்கள். பையில் கிடக்கும்போது அது தானாகத் திரும்பிக்கொள்ளும். இதற்காகவே கடைக்குப் போன கேம் பாய்கள் உண்டு.

அடுத்து காதைக் கொடுங்கள். போட்டதும் 'டிங்' என்று சத்தம் வந்தால் உள்ளே மூளை வேலை செய்கிறது, கோளாறு திரைப் பக்கம். உறையைத் திறந்தால் முன் பாதியையும் பின் பாதியையும் ஒரு பட்டை வயர் இணைக்கும். அதைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, முனையைத் துடைத்து, கோணாமல் திரும்பச் செருகுங்கள். யாராவது முன்பு திறந்து அவசரமாக மூடியிருந்தால் அது அரைகுறையாக உட்கார்ந்திருக்கும். திறக்கும்போது இரண்டு பாதியையும் வெடுக்கென்று பிரிக்காமல் புத்தகம் மாதிரி விரித்தால் பட்டை தப்பிக்கும்.

சத்தமும் இல்லை, படமும் இல்லை என்றால் மேலே சொன்ன பவர் போர்டுக்கே திரும்புங்கள்.

கறுப்புப் பட்டை இறங்கி வந்து அப்படியே நிற்கிறது, அல்லது நின்டெண்டோ எழுத்து கலைந்து தெரிகிறது

அதிகம் வரும் கேஸ் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கருவியைப் போட்டதும் மேலிருந்து இறங்கும் அந்த நின்டெண்டோ பெயர் கேசட்டிலிருந்து படிக்கப்படுவது. படித்ததைக் கருவி தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். ஆக, திரையில் என்ன இறங்குகிறது என்பதை வைத்தே கேசட்டின் நிலைமையைச் சொல்லலாம்:

முழுக் கறுப்புப் பட்டை என்றால் கேசட்டிலிருந்து ஒன்றுமே வரவில்லை. கேசட் செருகாமல் போட்டாலும் இதே பட்டைதான். சரியாக உட்காரவில்லை, அல்லது கால்கள் முழுக்க அழுக்கு.

எழுத்து கோணலாக, கோடுகோடாக, குப்பையாக வந்தால் சில கால்கள் தொடுகின்றன, சில தொடவில்லை. இது நல்ல செய்தி. துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எழுத்து சுத்தமாக வந்து, டிங் சத்தமும் கேட்டு, அதற்கப்புறம் ஆட்டம் தொடங்கவில்லை என்றாலும் முதல் சந்தேகம் கால்கள் மீதே. பெயரைப் படிக்கத் தேவைப்படாத கால் ஒன்று ஆட்டத்துக்குத் தேவைப்படும்.

துடைப்பது இப்படி. பஞ்சுக் குச்சியை ஐபிஏவில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கேசட்டின் அடியில் தெரியும் 32 கால்களையும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக இழுத்துத் துடையுங்கள். குச்சி கறுக்கும், புதுக் குச்சி எடுங்கள். கறுப்பு நிற்கும்வரை தொடருங்கள். பிறகு காய்ந்த குச்சியால் ஒரு தடவை. சில நிமிஷம் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்படியும் மங்கலாகவே இருந்தால் கேசட்டைத் திறந்து, மென்மையான வெள்ளை ரப்பரால் கால்களை லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, மறுபடி ஐபிஏ.

செய்யக் கூடாதவை: உப்புத்தாள், பெட்ரோல், பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே. அப்புறம், ஊதுவது. டிவியில் மாட்டும் வீடியோ கேம் கேசட்டை ஊதியே வளர்ந்த தலைமுறை நாம், கை தானாக வாய்க்குப் போகும். ஊதும்போது எடுத்துத் திரும்பச் செருகுகிறோமே, அதனால்தான் ஓடுகிறது. எச்சில் ஈரம் அடுத்த மாதக் களிம்புக்கு விதை.

கேசட் பளபளப்பாக இருந்தும், வேறு கேசட்டும் இதே மாதிரி கலைகிறது என்றால் கருவியின் துளையைக் கவனியுங்கள். துடைத்த கேசட்டின் கால்களில் ஐபிஏ கொஞ்சம் தடவி, சுவிட்ச் அணைந்த நிலையில் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். நடுநடுவே கேசட்டைத் துடையுங்கள். துளைக்குள் கம்பிகளில் ஏதாவது ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பது டார்ச் அடித்தால் தெரியும். ஊசியால் மெதுவாக நிமிர்த்தலாம். கை நடுங்குகிறவர்கள் தொட வேண்டாம். துளையையே மாற்றுவதென்றால் 32 இடத்தில் சால்டர் எடுத்துப் போட வேண்டும், அது கடை வேலை.

பின்னால் வந்த ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) கருவியில் இந்தக் கேசட்டைப் போடுகிறவர்களுக்கு ஒரு தனிக் கிளை உண்டு. ஜிபிஏ துளையின் ஓரத்தில் ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும். உள்ளே வந்தது பழைய கேசட்டா புதியதா என்று அதன் உருவத்தை வைத்துக் கண்டுபிடிப்பது அதுதான். ஒரு வகைக் கேசட் எல்லாம் ஓடுகிறது, இன்னொரு வகை எதுவுமே ஓடவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐபிஏ ஒரு சொட்டு விட்டு, குச்சி முனையால் சில தடவை அழுத்தி விடுங்கள். கேம் பாய் மைக்ரோவிலும் நின்டெண்டோ டிஎஸ்ஸிலும் இந்தக் கேசட் போகவே போகாது. அதற்குப் பழுது பார்க்க வேண்டாம்.

சண்டை நடுவே உறைகிறது, அல்லது திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

திரும்ப ஆரம்பித்தால் பவர்: பேட்டரித் தகடு, சுவிட்ச். மேலே சொன்னதையே செய்யுங்கள். கடைசிச் சுற்றில் உணர்ச்சிவசப்பட்டுக் கருவியை இறுக்கிப் பிடிக்கும்போது மட்டும் நடந்தால் பேட்டரி மூடி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியே உறைந்தால் கேசட். ஆட்டம் ஓடும்போது கேசட்டின் முதுகை விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் படம் சிதறினால், ஒன்று கால் அழுக்கு, இல்லையென்றால் உள்ளே சிப்பின் காலில் சால்டர் விரிசல். துடைத்தும் தீராவிட்டால் கேசட்டைத் திறந்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரிசல் மெல்லிய வளையமாகத் தெரியும். அந்தக் கால்களைச் சூடாக்கித் திரும்ப ஒட்ட வைப்பது எந்த மொபைல் சர்வீஸ் கடைக்காரருக்கும் ஐந்து நிமிஷ வேலை. 'ஹாட் ஏர் அடிக்காதீங்கண்ணே, அயர்ன் மட்டும் வைங்க' என்று சொல்லிக் கொடுங்கள்.

ஓடச் சொன்னால் நடக்கிறான், குதிக்கச் சொன்னால் குத்துகிறான்

வேறு ஆட்டத்தில் நன்றாக இருக்கும் கருவி குனியோ போட்டதும் மக்கர் செய்வது இந்த இடத்தில்தான். இரண்டே பட்டன் உள்ள கருவியில் குத்து, உதை, குதி, ஓடு எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள். ஒரே திசையை இரண்டு தடவை டக்கென்று தட்டினால் ஓட்டம். ஏ, பி இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் குதி. ஓரளவு தேய்ந்த ரப்பர் மற்ற ஆட்டங்களில் சமாளித்துவிடும், இங்கே மாட்டிக்கொள்ளும்.

குதிக்கப் போனால் குத்து வருகிறது: ஏ, பி இரண்டையும் தனித்தனியாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கேட்டால் அதன் ரப்பர் சோம்பிவிட்டது. இரண்டும் ஒரே கணத்தில் பதியாததால் முந்திய பட்டனின் வேலை மட்டும் நடக்கிறது.

ஓட்டம் பிடிக்கவில்லை: வலப்பக்கம் ஓடுகிறான், இடப்பக்கம் ஓடவில்லை என்றால் இடப்பக்க ரப்பர். இரண்டு பக்கமும் இல்லை என்றால் ரப்பருக்கு அடியில் பிசுக்கு. முன் போர்டைக் கழற்றி, ரப்பரை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அதன் அடியில் உள்ள கறுப்பு வில்லைகளை அழுத்தித் தேய்க்காதீர்கள், அந்தக் கறுப்புதான் மின்சாரம் கடத்துவது. போர்டில் இருக்கும் தொடுமிடங்களை ஐபிஏவால் ஒற்றி எடுங்கள்.

கழுவியும் சரியாகாவிட்டால் புது ரப்பர் செட் மலிவு. ஆனால் புதுசு சில செட் விறைப்பாக இருக்கும், இரட்டைத் தட்டு தட்டும்போது முதல் தட்டிலிருந்து திரும்பி எழவே நேரமாகும். என் கைக்குப் பழைய அசல் ரப்பர் கிடைத்தால் அதையே கழுவிப் போடுவேன்.

இப்போது ரப்பரே காரணமில்லாத கிளை. பட்டன்களை இணைக்கும் கம்பிகள் பங்குபோட்டு வேலை செய்கின்றன. வலம்–ஏ, இடம்–பி, மேல்–செலக்ட், கீழ்–ஸ்டார்ட் என்று ஜோடி ஜோடியாக ஒரே கம்பி. உங்கள் குனியோவுக்கு வலப்பக்கமும் ஏயும் ஒன்றாகப் படுத்துவிட்டால் ரப்பரை மாற்றிப் பயனில்லை. அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. நான்கு திசையும் போய் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் மட்டும் வேலை செய்தாலும், அல்லது நேர்மாறாக நடந்தாலும் இதே கதை. இரண்டு பாதியையும் இணைக்கும் பட்டை வயரை எடுத்துச் செருகுங்கள். தீரவில்லையென்றால் மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பட்டையின் இரு முனைக்கும் நடுவே ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். பட்டை அறுந்திருந்தால் மாற்றலாம். பட்டை நன்றாக இருந்து போர்டில் அறுந்திருந்தால் கடை.

திரையில் கோடுகள்

நெடுக்குக் கோடாகச் சில வரிசைகள் காணாமல் போயிருந்தால்: சாம்பல் கேம் பாய்க்கு வயசானால் வரும் வழக்கமான நோய். கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பட்டையின் ஒட்டு விட்டிருக்கும். அந்தப் பட்டையை மூடியிருக்கும் ரப்பரை விலக்கி, சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, கண்ணாடியைத் தொடாமல் பட்டையின் மேல் மட்டும் மெதுவாக இழுத்தால் ஒட்டு இளகித் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, பட்டை பொசுங்கிவிடும். ஒரு இழுப்பு, நிறுத்தம், போட்டுப் பார்த்தல், மறுபடி இன்னொரு இழுப்பு. கோடுகள் ஒன்றொன்றாகத் திரும்பி வருவதைப் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. சில மாதம் கழித்து ஒன்றிரண்டு திரும்பப் போகலாம், திரும்பச் செய்யலாம்.

கிடைக்கோடு என்றால் பக்கவாட்டு ஒட்டு விட்டிருக்கிறது. அது இவ்வளவு சுலபமாகப் படியாது. நான் கைவைப்பதில்லை, வேறு திரைதான்.

கறுப்புத் திட்டு திரவம் மாதிரி பரவியிருந்தால் கண்ணாடி விரிசல், சரிசெய்ய முடியாது. வெயிலில் கிடந்து நடுவில் பழுப்பாக வெந்திருந்தால் மேலே ஒட்டிய போலரைசர் தாளை மட்டும் உரித்துப் புதுசு ஒட்டலாம். பழசை உரிப்பது பொறுமை வேலை. புதிய ஐபிஎஸ் திரை செட் போடுவது கடைசி வழி. வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், பேட்டரி வேகமாகத் தீரும், சில செட்டுக்கு உறையை உள்ளே வெட்டவும் வேண்டியிருக்கும்.

நான்கு பேர் சேர்ந்து அடித்தால் ஆட்கள் மின்னி மறைகிறார்கள்

பழுது கிடையாது, மூடி வையுங்கள். கேம் பாயால் ஒரே கிடைவரிசையில் 10 நகரும் துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது, திரை முழுக்க 40தான். ஒரு ஆளுக்கே பல துண்டு வேண்டும். எல்லாரும் ஒரே கோட்டில் கட்டிப்புரண்டால் யாராவது ஒருவரின் காலோ தலையோ மறைந்துதான் ஆக வேண்டும். வேகமாக ஓடும்போது பின்னால் நிழல் இழுபடுவதும் அந்தக் காலத் திரையின் சுபாவம். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருப்பதும் கோளாறில்லை, கோஷின்க்யோகுவின் கேம் பாய்க் கேசட் ஜப்பானில் மட்டும் வந்தது.

சத்தம் இல்லை

ஹெட்ஃபோனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் ஹெட்ஃபோன் துளைக்குள் இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டு, செருகியே இருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டிருக்கிறது. பின்னைப் பலமுறை செருகி எடுங்கள். சத்தச் சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர். இரண்டும் இல்லையென்றால் ஸ்பீக்கர், விலை குறைவு, இரண்டே சால்டர். ஹெட்ஃபோனிலும் அமைதி என்றால் கடை.

கேபிள் போட்டும் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியவில்லை

வேர்ல்டு கப்பை எதிரெதிரே ஆடுகிறவர்கள் கேட்பது இது. இரண்டு கருவியிலும் ஆளுக்கொரு கேசட் இருக்கிறதா? ஒரு கேசட்டை வைத்து இருவர் ஆடலாம் என்ற நினைப்பில்தான் பாதிப் புகார் வருகிறது.

அடுத்தது கேபிள். முதல் கேம் பாயின் துளை பெரியது, கேம் பாய் பாக்கெட், கேம் பாய் கலர் வகைகளில் சின்னது. இரண்டையும் இணைக்க நடுவில் மாற்று முனை வேண்டும். ஜிபிஏ கருவிகளில் பழைய கேசட்டைப் போட்டு ஆடினால், ஜிபிஏ கேபிளை விட்டுவிட்டு கலர் காலத்துக் கேபிளைத்தான் போட வேண்டும். அது ஜிபிஏ துளையில் பொருந்தும்.

கேபிளும் சரி என்றால் இரண்டு கருவியையும் அணைத்து, கேபிள் துளைகளை ஐபிஏ குச்சியால் துடைத்து, கேபிளைச் செருகிய பிறகு இரண்டையும் போடுங்கள். அப்படியும் இணையவில்லையென்றால் மூன்றாவது கருவி ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கி மாற்றி மாற்றிச் சோதியுங்கள். எந்தக் கருவியோடு போட்டாலும் இணையாத ஒன்று தெரிந்துவிடும். அதன் துளையில் சால்டர் விட்டிருக்கலாம், அதை மட்டும் கடையில் கொடுத்தால் போதும்.